பேட்டரியைக் குடிப்பது யார்

ஜூன் 8, ஞாயிறு

வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் வாய்க்குள் குனிந்து நிற்கிறேன். ஏழாவது நாள் காலையில் சிறுவாணி ரோட்டில் வண்டியை விரட்டிவிட்டு வந்தால்தான் மறுவாரம் யாரையும் கடிக்காமல் இருப்பேன். இது என் வீட்டுக்காரர் ரகுபதிக்குத் தெரியும், க்ளினிக் நர்ஸுக்குத் தெரியும். வண்டிக்கு மட்டும் தெரியவில்லை. இன்று ஷட்டரைத் தூக்கி, ஸீட்டில் உட்கார்ந்து, பட்டனை அழுத்தினால் டிக்கென்று ஒரு சத்தம். அதோடு சரி. பேட்டரி செத்துக் கிடக்கிறது.

சிவப்பு வண்டி. இரண்டு கதவு, இரண்டு ஸீட், ஜெர்மன்காரன் செய்தது. மகள் கல்யாணமாகிப் போனதும், இனி இந்த வீட்டில் இரண்டு ஸீட் போதும் என்று என் சம்பாத்தியத்தில் வாங்கினேன். நாங்கள் இருக்கும் சாய்பாபா காலனியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ரகுபதி சிரிக்கவில்லை. "இதுல ஒரு தேங்கா மூட்டை வெக்க எடமிருக்குதா?" என்று மட்டும் கேட்டார். பம்ப்செட் கம்பெனியில் கொள்முதல் மேனேஜர் அல்லவா, எதைப் பார்த்தாலும் மூட்டைக் கணக்குதான். இன்றுவரை ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

இது முதல் தடவையும் இல்லை. போன மாதமும் இப்படித்தான் படுத்தது, பக்கத்து வீட்டுக்காரர் வண்டியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பினோம்.

இப்போது கேள்வி, கம்பெனி ஷோரூமா, வெளி மெக்கானிக்கா? கம்பெனிக்குக் கொடுத்தால் ஏசி ஹாலில் காபி கொடுத்து மொட்டையடிப்பார்கள். வெளியே கொடுத்தால் வாரண்ட்டி போய்விடும். ரகுபதியிடம் கேட்டேன். "எதுக்கு ரெண்டும்? பேட்டரிய மட்டும் மாத்திட்டு உடு. ஷெட்டுலயே இருக்கட்டும்" என்றார். சிக்கனத்துக்கு ஒரு எல்லை வேண்டாமா!

ஜூன் 9, திங்கள்

கம்பெனிக்கே கொடுத்தேன். லாரி மாதிரி ஒன்று வந்து வண்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு போயிற்று. தெருவில் எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. எதிர் வீட்டு அம்மாள் கைக்குட்டை ஆட்டாததுதான் குறை.

ஷோரூமில் என் பாதுகாவலராக நியமிக்கப்பட்டிருப்பவன் அஸ்வத். இருபத்தைந்து வயது, கழுத்தில் டை, கையில் பெரிய சிலேட்டு போல ஒரு கணினி. நான் என்ன சொன்னாலும் "ஷ்யூர் மேடம்" என்கிறான்.

"சார் வரலீங்களா மேடம்?"

"எந்த சார்?"

"இல்லைங், வண்டியப் பத்தி டெக்னிக்கலா கேட்கணும்…"

வண்டி என் பெயரில் இருக்கிறது, ஓட்டுவது நான், பாழாய்ப்போன பட்டனை அழுத்தி டிக்கென்று கேட்டவளும் நான். சாருக்கு டிக்கி எந்தப் பக்கம் திறக்கும் என்றே தெரியாது என்றேன். "ஷ்யூர் மேடம்" என்றான்.

ஜூன் 12, வியாழன்

ரகுபதி சாயங்காலம் முகமெல்லாம் கருத்துப்போய் வந்தார். சட்டை முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. கேட்டால் ஸைட் விசிட்டாம். நாற்காலியில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் வாங்குகிறவரை வெயிலில் அனுப்புகிற அளவுக்குக் கம்பெனி முன்னேறிவிட்டது. சந்தோஷம்.

ஜூன் 19, வியாழன்

வண்டி வந்துவிட்டது. பத்து நாள் அவர்கள் இடத்தில் நின்றதில் ஒரு நாள்கூட பேட்டரி இறங்கவில்லையாம். "ஒரு ஃபால்ட்டும் காட்டலை மேடம். சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணி, புது பேட்டரி போட்டிருக்கோம்" என்றான் அஸ்வத். நோய் என்னவென்று தெரியாவிட்டால் நானும் இப்படித்தான், பல்லைச் சுத்தம் பண்ணி அனுப்பிவிடுவேன். அதனால் ரொம்பத் திட்ட முடியவில்லை.

என்னைவிட ரகுபதிக்குத்தான் குஷி. ஷெட்டுக்குள் வந்து நின்று "அப்பாடா" என்றார். தேங்காய் மூட்டைக்காரர்!

ஜூன் 22, ஞாயிறு

கிளம்பியது, முனகிக்கொண்டே. புது பேட்டரிக்கு இவ்வளவு முனகலா?

அதைவிட எரிச்சல், ஸீட்டை யாரோ பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். என் கால் பிரேக்கை எட்டவே இல்லை. ரேடியோவில் நான் வைத்திருந்த ஸ்டேஷன் போய், பழைய பாட்டு ஓடுகிறது. கால்மிதியில் ஒரு கறிவேப்பிலை. தயிர்சாதத்தில் தாளித்துப் போடுவோமே, அந்தக் கறிவேப்பிலை! என் வண்டியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டு பாட்டு கேட்டிருக்கிறார்கள் ஷோரூம்காரர்கள். அஸ்வத்துக்கு போன் போட்டுக் கிழித்துத் தொங்கவிட்டேன். எங்கள் ஆட்கள் வண்டிக்குள் சாப்பிடவே மாட்டார்கள் என்று சத்தியம் பண்ணுகிறான். பின்னே கறிவேப்பிலை தானாக நடந்து வந்ததாக்கும்.

ரகுபதியிடம் சொன்னேன். "உடு, பசிச்சிருக்கும் பாவம்" என்று பேப்பரைப் பிரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். இந்த மனுஷனுக்கு ஒரு கோபம் வராது.

ஜூன் 29, ஞாயிறு

டிக்.

ஜூன் 30, திங்கள்

இன்று ஷோரூமில் நடந்ததை எழுதியே ஆக வேண்டும். அஸ்வத் ஒரு ஆளை அனுப்பி வண்டியில் ஏதோ மாட்டிப் பார்த்தான். நான் நேரில் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிறான்:

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இன்ஜின் ஓடாமலே வண்டிய ஆன் பண்ணி வெச்சிருக்கறதா சிஸ்டம் காட்டுது. ஃபேன், ரேடியோ எல்லாம் ஓடியிருக்குது. அதுவும் பகல்ல. வீட்டுல யாராச்சும் உட்கார்ந்து…"

"வீட்ல யாருப்பா இருக்காங்க? நான் க்ளினிக்குல இருக்கேன், எங்க வீட்டுக்காரர் ஒம்போது மணிக்கு ஆபீஸ் போயிர்றாரு. சமையலுக்கு வர்ற பாப்பாத்தியக்காதான் இருக்குது. அது வந்து உங்க ஜெர்மன் வண்டில உக்காந்து பாட்டு கேக்குதுங்கறயா?"

"ஷ்யூர் மேடம்… இல்ல மேடம்."

தன் கையால் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாதவன் நோயாளி வீட்டில் பேய் இருக்கிறது என்கிறான். ஸ்பேர் சாவி பீரோவில் இருக்கிறது, ஷெட்டுக்குச் சந்துப் பக்கம் இருக்கும் சின்னக் கதவை வருஷக்கணக்காக யாரும் திறந்ததில்லை. எவன் உள்ளே வருவான்! வாரண்ட்டியும் வேண்டாம், நீங்களும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காபியையும் குடிக்கவில்லை. அதில்தான் அவனுக்கு முகம் சுருங்கியது.

ராத்திரிச் சாப்பாட்டில் இதை ரகுபதியிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "கம்ப்யூட்டர் சொல்றதெல்லாம் வேதமா? அந்தக் கம்பெனிப் பக்கமே இனி போகாதே" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக வண்டி விஷயத்தில் என் கட்சி.

ஜூலை 2, புதன்

கணபதிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பெர்னார்டு என்ற மெக்கானிக்கிடம் போனேன். ரேஸ் வண்டிகளுக்கு வேலை பார்த்தவராம். பட்டறைச் சுவர் முழுக்கக் கோப்பைகளோடு போட்டோ. எந்தப் போட்டோவிலும் கோப்பை இவர் கையில் இல்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது. நான் பானெட்டைத் திறப்பதற்குள் மூன்று கதை முடிந்தது.

"கம்பெனிக்காரனுக என்ன பண்ணுவானுகன்னா டாக்டரம்மா, மிஷின மாட்டி அது சொல்றதப் படிப்பானுக. நாம வண்டி பேசறதக் கேக்கோணும்."

காதைப் பானெட்டில் வைத்தார். வண்டி என்ன பேசியதோ, தலையை ஆட்டினார். "ஒயரிங்ல கரண்ட் கசியுதுங். டேஷ்போர்டைப் பிரிக்கோணும்."

"எத்தனை நாளாகுங்க?"

"நாளைக்கே குடுத்தர்றனுங்."

மூன்று கதையையும் நம்பினேன். இதை மட்டும் நம்பவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

நாளைக்கே. நேற்றும் நாளைக்கே, இன்றும் நாளைக்கே. நேரில் போய்ப் பார்த்தேன். டேஷ்போர்டைப் பிரித்துக் குடலை வெளியே எடுத்து வைத்திருக்கிறார். பின்னால் ஒரு அம்பாஸிடர் அதே கோலத்தில் நிற்கிறது. அதற்கு எத்தனை வருஷமாக நாளைக்கே என்று கேட்கத் தைரியமில்லை.

ரகுபதி மழையில் தொப்பலாக நனைந்து வந்தார். இருமல். ஆபீஸிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பதற்குள் இவ்வளவு நனைவாரா? இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். "பெர்னார்டு எப்ப வண்டி தருவாராம்?" என்று கேட்டார். இருமலுக்கு நடுவில் வண்டி விசாரணை. எனக்கே அவ்வளவு அவசரமில்லை.

ஜூலை 12, சனி

வண்டி வீட்டில். பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் ஏதோ ஒன்றுதான் கரண்டைக் குடித்ததாம். கம்பெனிக்காரன் அப்டேட் பண்ணிக் கெடுத்ததாம். அதன் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டார். "இனி ஒரு வருஷம் நிறுத்தி வெச்சாலும் டப்புனு கெளம்பும், எம்மேல எழுதி வெச்சுக்கங்க" என்றார். இதோ எழுதி வைத்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

டிக்.

பெர்னார்டுக்கு போன் போட்டேன். கம்பெனி போட்ட பேட்டரியே டூப்ளிகேட் என்கிறார். மனசு கேட்காமல் அஸ்வத்துக்கும் போட்டேன். வெளியாள் டேஷ்போர்டைப் பிரித்துவிட்டதால் இனி தொடவே மாட்டார்களாம், ஷ்யூராக. பெர்னார்டு பிடுங்கியதற்குக் கம்பெனி பொறுப்பில்லை, கம்பெனி போட்டதற்கு பெர்னார்டு பொறுப்பில்லை. நடுவில் நான் ஒரு இளிச்சவாய்.

போதும். விற்றுவிடுகிறேன் என்று ரகுபதியிடம் சொன்னேன். வருத்தத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டியதற்கு மேல் சத்தமாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் எனக்கென்று வாங்கிய ஒரே பொருள்.

மனுஷன் "நல்லதாப் போச்சு" என்று தேங்காய் உடைப்பார் என்று பார்த்தால், முகம் வெளுத்துப்போயிற்று.

"விக்க வேண்டாம் சுகந்தி."

"ஏன்?"

"ஆசையா வாங்கின. ஷெட்டுல ஒரு பக்கமா நின்னுட்டுப் போகுது. என்ன சாப்பாடா கேக்குது?"

"ஓடாத வண்டிய ஷெட்டுல வெச்சு என்ன பண்ண?"

எழுந்து கொல்லைப்பக்கம் போனார். குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் முகம் கழுவினார்.

ஜூலை 26, சனி

திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் வாங்கிக்கொள்கிறாராம். பெயர் செங்கோட்டையப்பன். போனிலேயே வண்டியைக் கொஞ்சினார். ஆனால் ஆடி மாசத்தில் தொடமாட்டாராம். "ஆவணி பொறக்கட்டுமுங்க, நல்ல நாளாப் பார்த்து வந்து எடுத்துக்கறேன்." ஆயிரக்கணக்கில் பனியன் ஏற்றுமதி பண்ணுகிறவரைக்கூட ஆடி மாசம் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. சரி, அதுவரை ஷெட்டில் நிற்கட்டும்.

ரகுபதியிடம் சொன்னதற்கு "ஆவணி வரைக்கும் இருக்கும்ல?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சாவி எடுக்க பீரோவைத் திறந்தேன். ஸ்பேர் சாவி வழக்கமான இடத்தில் இல்லை. பெர்னார்டிடம் விட்டிருப்பேன்.

பெர்னார்டிடம் விட்டேனா?

ஷெட்டுக்குப் போனேன். வண்டிக் கதவைத் திறந்ததும் தேங்காய் எண்ணெய் வாசனை. ரகுபதி தலையில் வைக்கும் எண்ணெய். வீட்டில் தலையணை, துண்டு எல்லாவற்றிலும் அந்த வாசனைதான், என் கையிலும் இருந்திருக்கும். ஷட்டரை இறக்கிவிட்டு வந்துவிட்டேன்.

க்ளினிக்கிலிருந்து அவர் ஆபீஸ் நம்பருக்கு போன் போடலாமா என்று நினைத்தேன். என்னவென்று கேட்பது? அதற்குள் கடைவாய்ப் பல் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. பெர்னார்டு வந்து சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். ரேஸ் கதை ஒன்று, இலவசம். கடைசியாக ஒரு தடவை சிறுவாணி ரோடு போனேன். போகும்போது அழுதேன், வரும்போது அழவில்லை. ரகுபதியைக் கூப்பிட்டேன், தலை வலிக்கிறது என்றார். செங்கோட்டையப்பன் அடுத்த ஞாயிறு வருவதாக ஏற்பாடு. ரகுபதியிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் தூங்க முடியாது.

மத்தியானம் செங்கோட்டையப்பன் போன். "நம்ம ஜோசியர் இன்னைக்கே முகூர்த்தம்னு சொல்லிப்போட்டாருங்க. உங்க வீட்டு வாசல்லதான் நிக்கறேன்." கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு க்ளினிக்கிலிருந்து நடந்தேன். வாசலில் வெள்ளை வேட்டி, கையில் எலுமிச்சம்பழம், கற்பூரம். வாங்குவதற்கு முன்பே திருஷ்டி கழிக்க வந்திருக்கிறார். சமையலறை ஜன்னலிலிருந்து பாப்பாத்தியக்கா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷெட்டை நெருங்கும்போதே சின்னதாக ஒரு ஃபேன் சத்தம். எனக்குக் கேட்டது. அங்கேயே நின்றிருக்கலாம், சாவி கிடைக்கவில்லை என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். கை அதுபாட்டுக்கு ஷட்டரைத் தூக்கிவிட்டது.

டிரைவர் ஸீட்டில் ரகுபதி. ஸீட் நன்றாகப் பின்னால் தள்ளியிருந்தது. தேய்த்த சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை. மடியில் நான் காலையில் கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸ் திறந்திருந்தது. வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார், பிறகு பின்னால் நின்றவரைப் பார்த்தார். மூடியைத் தேடினார். அது கீழே விழுந்திருந்தது.

இந்த முப்பது வருஷத்தில் அவர் பயந்து நான் பார்த்ததில்லை. வேலை போனது தெரிந்துவிட்டதே என்ற பயம் இல்லை அது. யாரோ ஒரு ஆளுக்கு முன்னால் நான் என்ன சொல்லப் போகிறேன் என்ற பயம். என் நாக்கு அவருக்குத் தெரியும்.

செங்கோட்டையப்பன் தொண்டையைக் கனைத்தார். "ஐயா…?"

"எங்க வீட்டுக்காரருங்க" என்றேன். "மன்னிச்சுக்கோங்க, உங்கள அலைய வெச்சுட்டேன். இவருக்குத் தினமும் இந்த வண்டி வேணும். எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. விக்கறதுக்கில்லைங்க."

அவர் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், ரகுபதியைப் பார்த்தார், தயிர்சாதத்தைப் பார்த்தார். விவரமான மனிதர். ஒன்றும் கேட்காமல், "இருக்கட்டுங்க, பொழங்கற பொருள விக்கப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் மறுபக்கக் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே கிடந்த மூடியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"எப்பருந்து?"

"சித்திரைல. பாதிப் பேர வேலைய விட்டு எடுத்துட்டாங்க. மூணு மாசச் சம்பளம் குடுத்தாங்க, அத வெச்சு…" முடிக்கவில்லை. "மொதல்ல பார்க்குல உக்காந்தேன். தெரிஞ்சவங்க யாராச்சும் வந்துர்றாங்க. இன்னைக்கு லீவாங்கறாங்க. வீட்டுக்குள்ள வந்தா பாப்பாத்தியக்கா இருக்குது, சாயங்காலத்துக்குள்ள காலனி பூராச் சொல்லிரும். சந்துப் பக்கமா இங்க வந்துருவேன். யாரும் வரமாட்டாங்க. புழுக்கம் தாங்காம ஃபேன் போட்டேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்னங்க?"

"நீ ஏதாச்சும் சொல்லிச் சிரிச்சுருவியோன்னு."

இந்த டைரியிலேயே அவரைத் தேங்காய் மூட்டைக்காரர் என்று எழுதி வைத்திருக்கிறேன். அழுகை வந்தது, அழுதேன். அவரும் அழுதார். அப்புறம் கோபம் வந்தது. அஸ்வத்தையும் பெர்னார்டையும் நான் திட்டிய திட்டெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. அந்த டைகட்டிப் பையன் அச்சு அசலாக உண்மையைச் சொன்னான், காபியைக்கூடக் குடிக்காமல் வந்தேன்.

"சாப்பிட்டு முடிங்க" என்றேன். "அப்புறம் வண்டிய வெளிய எடுங்க. நீங்களே ஓட்டுங்க."

பட்டனை அழுத்தினார். டிக்.

"கம்பெனிக்கா, பெர்னார்டுக்கா?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு பேரும் வேண்டாம். எறங்குங்க, வீட்டுக்குள்ள போலாம்."

வாசல் பக்கமாகவே போனோம். எதிர் வீட்டு அம்மாள் பார்த்தாள். பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்கு ரகுபதி லுங்கியோடு ஹாலில், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். நான் க்ளினிக்குக்குக் கிளம்பாமல் செருப்பைத் தேடுவது போல வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பாப்பாத்தியக்கா காபி கொண்டுவந்தார்.

"ஏனுங்க, இன்னைக்கு ஆபீஸ் லீவுங்களா?"

ரகுபதி பேப்பரை மடித்து வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"இல்லீங்க அக்கா. வேலை போயிருச்சு."

பாப்பாத்தியக்கா டம்ளரை அவர் கையில் கொடுத்தார். "அப்ப மத்தியானத்துக்கு ஒரு டம்ளர் அரிசி சேர்த்துப் போடறனுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.